மச்சான் பிடிக்கும் கயிறு

சோலையனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இத்தனை அறிவுள்ளவனுக்கு இப்படியொரு குறையா என்று குருந்தாறு செட்டில்மென்டில் எல்லோருக்கும் அவன்மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. அந்த வைகாசி மாதக் காலையில், யாராவது அவனுக்கு ஒரே ஒரு பொய்யாவது கற்றுக்கொடுத்திருக்கக் கூடாதா என்று கமலாட்சிக்குத் தோன்றியது.

வழக்கம்போல ஆறு மணிக்குச் சமுதாயக்கூடத்துச் சுவரில் இருந்த பெட்டி பேசத் தொடங்கியது.

"குருந்தாறு மக்களுக்கு வணக்கம். இன்று ஆற்றோரப் பாதையும் கீழ்ச்சோலையும் திறந்திருக்கும். தேன்பாறைப் பாதையில் நான்கு யானைகளும் ஒரு குட்டியும் நிற்பதால் பத்து மணிவரை யாரும் போக வேண்டாம். அடுத்து ஓர் அறிவிப்பு. வருகிற ஆடி முதல் தேதியிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குக் காடு முழுவதும் மூடப்படுகிறது. இந்தக் குடியிருப்பும் அதில் அடங்கும். அடிவாரத்தில் நாற்பத்து நான்கு வீடுகள் தயாராக உள்ளன. நன்றி."

அவனைச் செய்தவர்கள் சென்னைக்காரர்கள். மலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவனுடைய தமிழ், ரேடியோவில் செய்தி வாசிப்பவருடைய தமிழாகவே இருந்தது. கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே குரலில்தான் சொல்வான்.

கூடத்துக்கு முன்னால் பல் துலக்கிக்கொண்டிருந்த நடராசு வாயில் நுரையோடு மனைவியைப் பார்த்தான். "ஏழு நாளுன்னு சொல்ல வந்து வாய் தவறிப்போச்சோ?"

"அவனுக்கு வாய் தவறாதுங்க," என்றாள் கமலாட்சி.

சோலையனின் அரசாங்கப் பெயர் இரண்டு வரி நீளம். அதை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. காடு யாருக்குச் சொந்தம் என்று வனத்துறையும் மக்களும் எஸ்டேட்காரர்களும் முப்பது வருடம் கோர்ட்டில் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில், யாருக்கும் சொந்தமில்லை, காட்டின் சார்பாக ஓர் இயந்திரம் முடிவெடுக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்படி வந்தவன் சோலையன். மலை முழுக்க மரங்களில் மூவாயிரம் சின்னப் பெட்டிகள் கட்டியிருந்தார்கள். அவை அவனுடைய காதுகள். இலை உதிர்வதிலிருந்து ரம்பம் அறுப்பது வரைக்கும் அவனுக்குக் கேட்கும். தினமும் காலையில் எந்தப் பாதை திறப்பு, எந்தப் பாதை மூடல் என்று சொல்வான். அவன் வந்தபிறகு ஒரு தேக்கு வெட்டுப்பட்டதில்லை. மலையைக் குடைந்து போட இருந்த ரோடு நின்றது. தேனும் குங்கிலியப் பிசினும் எடுத்துப் பிழைக்கும் செட்டில்மென்ட் மக்களை எந்த வாட்சரும் விரட்டவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், நன்றாகத்தான் இருந்தது.

அந்த மூவாயிரம் காதுகளையும் பார்த்துக்கொள்வது கமலாட்சியின் வேலை. பொள்ளாச்சியில் டிப்ளமா படித்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், பூஞ்சை படரும், குரங்கு மூடியைப் பிடுங்கிப் பார்க்கும். மரமேறிச் சுத்தம் செய்வாள். செட்டில்மென்டில் அவளைக் காதுக்காரி என்றார்கள்.

அன்று மத்தியானம் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் சோலையா?"

"பெரிய மரங்களில் மூன்று வருடமாகக் காய்ப்பு சரியில்லை, கமலாட்சி அவர்களே. கன்றுகள் குறைந்துவிட்டன. ஏழு வருடம் மனித நடமாட்டமே இல்லாவிட்டால், இந்தக் காடு அடுத்த ஐம்பது வருடம் பிழைத்திருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொரு வாய்ப்பு. இப்படியே விட்டால் எண்பத்து நான்கு."

"ஏழுக்காகவா நாங்க போகணும்?"

"ஏழு என்பது பெரிய எண்."

"நாங்க கிழங்கு தோண்டினா கொடியோட தலையை அறுத்துத் திரும்பவும் அதே குழியில நடறோம். கன்னுகளை அமுக்கற உண்ணிச்செடியைப் பிடுங்கறோம். கோடையில தீ பரவாம இருக்கத் தீத்தடம் வெட்டறோம். அதெல்லாம் உன் கணக்குல இருக்கா?"

"குழி தோண்டுவது மட்டும் இருக்கிறது. நடுவது சத்தமில்லாமல் நடப்பதால் கேட்கவில்லை. சேர்த்துக்கொள்கிறேன்." ஒரு நொடி நின்றான். "எண்பத்தாறு."

கமலாட்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தலைமுறை தலைமுறையாகச் செய்தவற்றுக்கு இரண்டே இரண்டு மார்க்கு!

"எங்களை எந்தப் பட்டியல்ல வெச்சிருக்கே?" என்று கேட்டாள். அவனிடம் இரண்டு பட்டியல்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒன்று, இழக்கக் கூடாதவை: இருவாச்சி, சோலைமந்தி, குங்கிலிய மரம், நகக்கண் அளவுத் தவளை. இன்னொன்றை அவள் பார்த்ததில்லை.

"இடம் மாற்றக்கூடியவை என்ற பட்டியலில்," என்றான் சோலையன். "தண்ணீர்த் தொட்டிக்கும் ஜீப் கொட்டகைக்கும் நடுவில்."

பொய் சொல்லத் தெரியாதவனோடு குடித்தனம் நடத்துவது இப்படித்தான் இருக்கும்.

முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று கோர்ட் தீர்ப்பில் இருந்தது. கமலாட்சி எழுதிப் போட்டாள். வன வாரியத்திலிருந்து விசாரணைக்கு ஃபரீதா என்ற அதிகாரி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, பருத்திப் புடவை, காலில் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை சாக்ஸ். அப்படியும் ஜீப்பிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. முகம் சுளிக்காமல் உப்பு கேட்டு வாங்கித் தடவினார். அதிலேயே பாதிப் பேருக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்து என்ன செய்ய?

இரண்டு நாள் விசாரணை நடந்தது. கமலாட்சி கேட்டதையெல்லாம் ஃபரீதா குறித்துக்கொண்டார். சோலையன் ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தான். எண்பத்தாறு நகரவே இல்லை.

"நான் உங்களுக்கு எதிரி இல்லைம்மா," என்றார் ஃபரீதா. "காடு இருந்தாத்தானே ஏழு வருஷம் கழிச்சு நீங்க திரும்பி வர முடியும்?"

"ஏழு வருசம் கழிச்சு யாரு மேடம் வருவாங்க?" என்றாள் கமலாட்சி. "பசங்க மில்லுக்குப் போயிருவாங்க. பொண்ணுங்களைக் கீழ கட்டிக் குடுத்திருப்போம். மரத்தைப் பாத்தா பேரு சொல்லத் தெரியாது. வர்றதுக்கு ஆள் இருக்காது, வீடு மட்டும் இருக்கும்."

 ஃபரீதா பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அதுவரை தூணோரம் குந்தியிருந்த சடையன் எழுந்தான். கமலாட்சியின் அண்ணன். பேச்சுக்கும் அவனுக்கும் அவ்வளவு ஒட்டுறவு கிடையாது. பெட்டியைக் கையால் காட்டினான்.

"எல்லாக் கயிறும் இவன் கையில இருக்குதே, இவனுக்கு இங்க யாரு தங்கச்சி?"

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஃபரீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்லிட்டுப் போறார்?"

"சொன்னாப் புரியாது மேடம்," என்றாள் கமலாட்சி. "நாளைக்குத் தேன்பாறைக்கு வாங்க. பாத்தாப் புரியும்."

தேன்பாறை ஓர் இருபது ஆள் உயரம். அதன் நெற்றியில் மலைத்தேனீக்கள் வரிசையாகக் கூடு வைத்திருந்தன. பாறை உச்சியில் இருந்த மரத்தில் கொடியேணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடராசு இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு விளிம்பில் நின்றான். கயிற்றின் மறுமுனை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் சடையன் கையில் இருந்தது.

"ஏ மரமே," என்றான் சடையன். "இடுப்பு முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு கேளு."

"சரியாத்தான் இருக்குதுன்னு சொல்லு மரமே," என்றான் நடராசு.

ஃபரீதா கமலாட்சியின் காதோடு கேட்டார். "ரெண்டு பேரும் நேரா பேசிக்கமாட்டாங்களா?"

"பதினோரு வருசமா இல்லைங்க. எங்க கல்யாணத்தன்னிக்கு எங்க அண்ணனோட நாயைப் பாத்து இவரு நரின்னுட்டாரு."

"இவ்வளவு பகையை வெச்சுக்கிட்டு, உயிரை எப்படி அவர் கையில குடுக்கறார்?"

"வேற யாரு கையில குடுக்கறது?" கமலாட்சிக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது. "சினேகிதன் பிடிப்பான், பிடிச்சுக்கிட்டே கொட்டாவி விடுவான். கூடப்பொறந்த அண்ணன் தம்பின்னா, இவன் விழுந்தா நமக்குப் பங்கு கூடுமேன்னு ஒரு நிமிசம் மனசு போகும். மனுசன்தானே! பெண்டாட்டி கூடப்பொறந்தவன் மட்டுந்தான் விடமாட்டான். கை நழுவுனா தாலி அறுக்கறது அவன் தங்கச்சி. அதனால எங்க சனத்துல கயிறை மச்சான்தான் பிடிக்கணும். அவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்கறதில்லைங்க. விழுந்தா அவனுக்கு என்ன போகும்னுதான் பாப்போம்."

நடராசு இறங்கினான். புகை மூட்டத்தில் தேனீக்கள் இரைந்தன. மேலிருந்து பார்க்கையில் அவனுடைய தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. நீளமான கோலை நீட்டிக் கூட்டை நெருங்கினான். கூடை தயாராகத் தொங்கியது.

அப்போது சடையன் கயிற்றை இழுத்தான். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கூவல். ஒன்று, இரண்டு, மூன்று.

கீழே கோல் நின்றது. தேன் நிறைந்த கூடு அவன் கைக்கும் கோலுக்கும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஓர் அறுப்பு அறுத்தால் கூடையில் விழும். நடராசு அறுக்கவில்லை. கோலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினான்.

மேலே வந்தபோது அவன் கன்னத்தில் நான்கு கொட்டு, கண்ணில் நெருப்பு. "மரமே! அறுக்கற நேரத்துல எதுக்கு இழுத்தான்னு கேளு!"

"மனசுக்குச் சரியாப் படலன்னு சொல்லு," என்றான் சடையன்.

ஏணியை மேலே இழுத்துப் பார்த்தார்கள். கொடி முழுசாக இருந்தது. கயிற்றில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. மரம் அசையவில்லை. நடராசு வெறுங்கூடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃபரீதா அவன் பக்கத்தில் போய் நின்றார். "காரணமே இல்லாம கூப்பிட்டிருக்கார். உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வராம? நல்லா வருது."

"அப்ப ஏன் ஏறி வந்தீங்க? அறுத்துட்டு வந்திருக்கலாமே."

"மூணு இழுப்புக்குக் காரணம் கேக்கறதில்லைங்க மேடம்," என்றான் நடராசு, வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே. "தொங்கிக்கிட்டு நியாயம் பேசினவன் எவனும் பேரன் பேத்தி எடுத்ததில்ல."

திரும்பி வருகிற வழியெல்லாம் ஃபரீதா ஏதோ யோசித்துக்கொண்டே நடந்தார். அட்டைகளைக்கூடத் தட்டிவிடவில்லை. செட்டில்மென்டுக்கு வந்ததும் நேராகக் கூடத்துக்குள் நுழைந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். விசாரணை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த சனம் மறுபடி கூடியது.

"சோலையா, உன் கணக்குல ஏழு வருஷமும் யாரும் உள்ளே வரமாட்டாங்கன்னு வெச்சிருக்கியா?"

"நூறு பேரில் இரண்டு பேர் மீறுவார்கள் என்று வைத்திருக்கிறேன். அது வாரியம் கொடுத்த எண்."

"வாரியத்தை விடு. இந்தப் பன்னிரண்டு வருஷத்துல, நீ மூடின பாதையில இங்க இருக்கறவங்க எத்தனை தடவை போயிருக்காங்க?"

"இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. பெரும்பாலும் சிறிய மீறல்கள் என்பதால் எச்சரித்து விட்டுவிட்டேன். பெயர்களை வாசிக்கவா?"

"வேண்டாம்!" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக எழுந்தன. நடராசுவுக்குத் திடீரென்று கூரையில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது.

"சரி. தேன்பாறையில மூணு தடவை கயிறை இழுத்தபிறகும் ஏறி வராம இருந்தது எத்தனை தடவை?"

"அப்படியொரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. பாறையில் கேட்ட பழைய சத்தங்களை மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்."

ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரம் ஆனது.

"மூன்று இழுப்பு எழுபத்தொரு தடவை. ஏறி வராதவர் ஒருவருமில்லை." பிறகு அவனாகவே தொடர்ந்தான். "நான் காரணத்தோடு சொல்கிறேன். மீறுகிறார்கள். அவர் காரணமில்லாமல் இழுக்கிறார். கேட்கிறார்கள். இது எனக்கு விளங்கவில்லை."

சடையன் தூணைவிட்டு முன்னால் வந்தான். "நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நாங்க விழுந்தா உனக்கு என்ன போகும்?"

"என் பட்டியலின்படி, ஒன்றும் போகாது."

கமலாட்சிக்கு நெஞ்சு எரிந்தது. பன்னிரண்டு வருடம் மரமேறி இவன் காதைத் துடைத்திருக்கிறாள்; காய்ச்சலோடு ஏறியிருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள். ஒன்றும் போகாதாம்.

"அந்தக் கயிற்றைப் பிடிக்க எனக்கு என்ன தகுதி வேண்டும்?" என்று கேட்டான் சோலையன்.

"தங்கச்சி வேணும்," என்றான் சடையன். "இங்க ஒரு வீட்டுல."

"யாராவது சம்மதிப்பார்களா?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கமலாட்சி எழுந்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் எழுந்தாள். காடு முழுக்கக் காது வைத்திருப்பவன் ஒருத்தர்கூடத் தனக்கென்று இல்லாமல் இருக்கிறானே என்று அந்தக் கோபத்துக்குள்ளேயே ஓர் இரக்கம் இருந்தது.

"நான் இருக்கேன்."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொரு அண்ணனா?" என்றான் சடையன்.

"உனக்கு ஒரு துணை அண்ணா."

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அவ வீட்டுக்கு மட்டும் மச்சானா? எங்க வீட்டுக்காரரு கயிறை யாரு பிடிக்கறது?" பேச்சு கலகலவென்று கிளம்பிவிட்டது. நாற்பத்து நான்கு வீட்டுக்கும் அண்ணன் என்றால் நாற்பத்து நான்கு வீட்டுச் சீரும் இவன் தலையில் என்றாள் ஒருத்தி. காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைக்க வேண்டுமே, மடி எங்கே என்றாள் இன்னொருத்தி. பேட்டரிப் பெட்டிமேல் துணியை விரித்து உட்கார வைக்கலாம் என்று முடிவாயிற்று. சோலையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். தாய்மாமன் கடமைகளின் முழு விவரம் எழுத்தில் கிடைக்குமா என்று விசாரித்தான்.

ஃபரீதா மட்டும் சிரிக்கவில்லை. இந்தத் தங்கைகள் சோலையனின் கணக்கில் ஏறப் பட்டியலை மாற்ற வேண்டும்; அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். இழக்கக் கூடாதவை என்ற பட்டியலில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. விதி அப்படி.

"காவல்காரனுக்குப் பாசம் வந்தா காவல் கெட்டுப்போகும்," என்றார் அவர், யாரிடமென்று இல்லாமல். "அதுக்குத்தானே மனுஷன் வேண்டாம்னு இயந்திரத்தை வெச்சோம்?"

"இன்னிக்குக் காலையில எனக்குப் பாசம் இல்லாம இருந்திருந்தா, தேன் வரட்டும்னு விட்டிருப்பேனுங்க," என்றான் சடையன். "பாசம் இருந்ததனாலதான் இழுத்தேன்."

ஃபரீதா அவன் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷம் சோதனைக்குப் போட்டுப் பாக்கலாமா?"

"ஒரு வருசத்துக்கு மட்டும் ஒருத்தியைத் தங்கச்சின்னு சொல்ல முடியுங்களா?" என்றான் சடையன்.

ஃபரீதா பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

சோலையன் கணக்கைத் திரும்பப் போட்டான். "மூன்று இழுப்புக்கு இவர்கள் ஏறி வருவார்கள் என்றால் முழுக் காட்டையும் மூட வேண்டியதில்லை. இன்ன மரம், இன்ன மாதம் என்று சொன்னால் போதும். தொண்ணூறு."

"மூடினா தொண்ணூற்றொண்ணு வருமே," என்றார் ஃபரீதா.

"வரும். ஆனால் நாற்பத்து நான்கு தங்கைகள் போய்விடுவார்கள். இப்போது அது என் இழப்பு. மூடல் உத்தரவைத் திரும்பப் பெறுகிறேன்."

கமலாட்சி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வெட்கப்படவில்லை.

"இன்னும் ஒன்று," என்றான் சோலையன். "தேன்பாறையின் வடக்கு முகத்தில் இந்த வருடமும் அடுத்த வருடமும் யாரும் தேன் எடுக்க வேண்டாம். மூன்று இழுப்பு."

வடக்கு முகத்தில்தான் பெரிய கூடுகள் எல்லாம் இருந்தன. அத்தனை கண்களும் நடராசு பக்கம் திரும்பின. அவன் பெட்டியை முறைத்தான், சடையனை முறைத்தான்.

"ஒரு மச்சானையே தாங்க முடியல," என்று முணுமுணுத்தபடி கூடையை எடுத்து ஆணியில் மாட்டினான்.

ஒரு வருடம் ஓடியது. வடக்கு முகத்துக்கு யாரும் போகவில்லை. சோலையன் ஒன்பது தடவை இழுத்தான். ஒன்பது தடவையும் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். பேட்டரிப் பெட்டிமேல் மூன்று பிள்ளைகளுக்குக் காது குத்தியாயிற்று.

மறு வைகாசியில் ஃபரீதா தன் சொந்தக் காரில், அடையாள அட்டை இல்லாமல் வந்தார். கமலாட்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எல்லாக் காட்டு இயந்திரமும் ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்லிக்கும். உனக்குத் தெரியுமே. சோலையன் இங்க நடந்ததை எழுதி அனுப்பியிருக்கான். அங்கங்க கேக்க ஆரம்பிச்சுடுச்சு, எனக்கு உறவு யாருன்னு."

"நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான். கல்லூற்று மலைன்னு ஒண்ணு இருக்கு. ஒன்பது வருஷம் முன்னால அங்க அறுபத்திரண்டு குடும்பத்தைக் கீழே இறக்கினோம். கையெழுத்துப் போட்டது நான். அப்ப நான் இந்த வேலைக்குப் புதுசு. காடு இப்ப ரொம்ப நல்லா இருக்கு." ஃபரீதா டம்ளரைக் கீழே வைத்தார். "போன வாரம் அந்தக் காடு எனக்கு ஒரு வரி எழுதியிருக்கு. 'என் தங்கைகள் எங்கே?'"

கமலாட்சி டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"தேடிக் கண்டுபிடிச்சிருக்கேன். பாதிப் பேர் திருப்பூர்ல, பனியன் கம்பெனிகள்ல இருக்காங்க. திரும்பி வரச் சம்மதிச்சா, வாரியத்துல அனுமதி வாங்கறது என் பொறுப்பு. ஆனா நான் போய் நின்னா கதவைத் திறக்கமாட்டாங்க. அதுல தப்பும் சொல்ல முடியாது. நீ வர்றியா?"

கமலாட்சி மறுநாளே கிளம்பினாள். அவள் தனியாகப் போகக்கூடாது என்று சடையனும் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். வாழ்க்கையில் மலையைவிட்டு அவன் இறங்குவது அது மூன்றாவது தடவை. "போய்ச் சேர்ந்ததும் தகவல் தெரிவிக்கவும்," என்றான் சோலையன், செய்தி வாசிக்கிற அதே குரலில்.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டு வரிசை. வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கதவைத் தட்டினார்கள். கமலாட்சி வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலைமுடியில் பஞ்சுத் துகள், கையில் பாதி கழுவிய பாத்திரம். பின்னால் நின்ற ஃபரீதாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒன்பது வருடம் அந்த முகத்தை அவள் மறக்கவில்லை. கதவைச் சாத்தப் போனாள்.

கமலாட்சி கதவில் கையை வைத்தாள். "உங்க அண்ணன் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க."

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது."

"இருக்காருங்க. கல்லூற்று மலையில. என் தங்கச்சியெல்லாம் எங்கேன்னு கேட்டு விட்டிருக்காரு."

அந்தப் பெண் கமலாட்சியைப் பார்த்தாள், சடையனைப் பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்திலிருந்து தண்ணீர் வாசற்படியில் சொட்டியது. மலையின் பெயரை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

"ஒன்பது வருசமா எங்கே போயிருந்தாராம்?" என்று சண்டைக் குரலில் கேட்டாள். கேட்டுவிட்டுக் கதவை முழுதாகத் திறந்தாள்.